மழையும் மன்றமும்

மழை பிழைத்தவிடத்து மன்னனைப் பழிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகத்தார் குறைகூறுவது காவலனையே என்று அவனுக்கு நினைவூட்டுகின்றது. அப்பாட்டினாற் புலவர் பெற்ற பயன் யானையுமன்று, பொற்றாமரையுமன்று. செலுத்தப்படாது கிடந்த பழைய நிலவரியை அரசன் நீக்கிவிட்டான் என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புக் கூறும். மணிமேகலையில் இதனினும் கடுமையான செய்தி உண்டு. மகனை இழந்த துயரிற் சோழன் இந்திர விழாவை மறந்தமையாற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் தரும் காரணம். மறந்தவன் அரசன், அழிந்தது ஊர்.

வானத்தின் செயலுக்கு மண்ணிலுள்ள ஒருவரைப் பொறுப்பாக்குதலும், அப்பொறுப்பை ஈற்றிற் பணக்கணக்காக மாற்றுதலும் இன்று உலக மகாநாடுகளிலும் பாராளுமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் நடைபெற்று வருகின்றன. அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு யாதெனில், அன்று குற்றச்சாட்டை அளந்தறிதற்கு வழியில்லை. இன்று ஓரளவுக்கு உண்டு. அவ்வளக்கும் முறையை எளிய வகையில் விளக்கி, அரசியலார் அதனை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை 2015 ஆம் ஆண்டின் சென்னைப் பெருவெள்ளத்தைக் கொண்டு காட்ட முயல்வோம். நம் மாணவர் செய்தித்தாள்களில் நாள்தோறும் காணும் கூச்சலிடையே எது பொருளுள்ளது, எது வெற்றொலி என்று பிரித்தறிதற்கு இது சிறிதேனும் உதவக்கூடும்.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பது புவியியல் வகுப்பின் முதற் பாடம். இன்று மாலை மழை பெய்யுமா என்பது வானிலை; முப்பது ஆண்டுகளிற் கார்த்திகை மாதத்துச் சராசரி மழை எவ்வளவு என்பது காலநிலை. இப்பாடத்தை மறந்தார் சிறுவர் மாத்திரமல்லர். 2015 பெப்ரவரி 26 ஆந் தேதி ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபையில், சுற்றாடற் குழுவின் தலைவராகவே அப்போது விளங்கிய ஜேம்சு இன்கோவு என்னும் உறுப்பினர் ஒரு பனிக்கட்டி உருண்டையைக் கொணர்ந்து காட்டி, வெளியே குளிர் மிகுதி என்று கூறி, அதனைச் சபை நடுவே எறிந்தார். 2014 ஆம் ஆண்டே அதுவரை பதிவான ஆண்டுகளுள் மிக வெப்பமானது என்று விஞ்ஞானிகள் அறிவித்தமையை நகையாடுதற்கு அவர் கண்ட வழி அது. ஒரு நாட் குளிரால் ஓராண்டின் கணக்கை மறுத்தல், ஒரு மாணவன் ஒரு வினாவுக்குச் சரியாக விடையெழுதினான் என்பதால் அவன் வகுப்பு முழுவதும் சித்தியெய்தியது என்று கூறுவதை ஒக்கும். ஆயினும் அவரை எள்ளியவர்களுட் பலர், அடுத்த கோடையில் எங்கோ ஒரு நகரில் வெயில் தகித்ததும் அதனையே முழுச் சான்றாகக் காட்டி அதே பிழையை மறுபுறமிருந்து செய்தனர் என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

அங்ஙனமாயின் ஒரு வெள்ளத்தையோ வெப்ப அலையையோ காட்டி ஒன்றுமே சொல்ல இயலாதா? இயலும், ஆனால் வினாவை மாற்றுதல் வேண்டும்.

ஒரு பானையில் நூறு மணிகள் உள்ளன என்க. தொண்ணூற்றொன்பது கருமணி, ஒன்று செம்மணி. ஆண்டுக்கொருமுறை கண்ணை மூடி ஒரு மணியை எடுத்துப் பார்த்து மீண்டும் அதனுள் இடுகிறோம். செம்மணி வந்தால் அவ்வாண்டு பெருவெள்ளம். சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை அது நேரும். இனி, ஒருவன் யாரும் அறியாவண்ணம் ஒரு கருமணியை நீக்கிவிட்டு அதனிடத்தில் ஒரு செம்மணியை இட்டான். மறு ஆண்டு செம்மணி வந்தது. இது பானையில் முன்னரே இருந்த மணியா, அவன் இட்ட மணியா? இவ்வினாவுக்கு எவராலும் விடை கூறல் இயலாது. இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம். ஆனால் செம்மணி வரும் நிகழ்தகவு இரட்டித்தது என்பது திண்ணம். ஆகவே வந்த வெள்ளத்திற் பாதிப் பொறுப்பு அவனுடையது என்று கணக்கிடலாம். அவன் மூன்று மணிகளை மாற்றி வைத்திருந்தால் அவன் பொறுப்பு முக்காற் பங்காகும். "இந்த வெள்ளத்தைக் காலநிலை மாற்றம் உண்டாக்கியதா?" என்று கேட்பவன் மணியின் முகத்தில் உரிமையாளன் பெயரைத் தேடுகிறான். "இத்தகைய வெள்ளத்தின் வாய்ப்பு எத்துணை மடங்கு மாறியது? அதன் அளவு எவ்வளவு கூடியது?" என்று கேட்பவனுக்கே விடை கிடைக்கும்.

இம்முறையிற் சிந்திக்கத் தூண்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று 2003 சனவரியில் இங்கிலாந்தில் தேம்சு நதி பெருகியமை. ஒக்சுபோட்டில் தம் இல்லத்தருகே வெள்ளம் ஏறிவரக் கண்ட மைல்சு அலன் என்னும் பௌதிகவியலார், இச்சேதத்துக்கு யாரிடம் நட்டஈடு கேட்பது என்ற வினாவை 'நேச்சர்' இதழில் எழுப்பினார். அவ்வாண்டுக் கோடையிலேயே ஐரோப்பாவை ஒரு கொடிய வெப்ப அலை தாக்கியது. பிரான்சில் மாத்திரம் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலார் முதியோர். பீற்றர் சுரொட், டெய்தி சுரோன், மைல்சு அலன் ஆகிய மூவரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய கோடையின் வாய்ப்பை மனிதர் செயல் குறைந்தது இரு மடங்காக்கியிருத்தல் பெரிதும் கூடும் என்று காட்டியது. பானையில் இரண்டாம் செம்மணி இருந்தது என்பதே இதன் பொருள். 2015 அளவிற் பிரீடரிக்கே ஒற்றோ, கெயற் ஜான் வான் ஒல்டன்போர்க் முதலானோர் 'வேர்ல்ட் வெதர் அற்றிபியூசன்' என்னும் ஆய்வுக் குழுவை அமைத்த பின், அனர்த்தம் நேர்ந்து சில நாட்களிலோ வாரங்களிலோ இக்கணக்கைச் செய்து வெளியிடுதல் வழக்கமாயிற்று.

மணிகளை எண்ணுவது எப்படி? வழிகள் இரண்டு. ஒன்று, நெடுங்காலப் பதிவுகளைப் பார்த்தல். மற்றையது, கணனியில் இரு உலகங்களை அமைத்துப் பார்த்தல்: இன்றுள்ள அளவு காபனீரொட்சைட்டு நிறைந்த உலகம் ஒன்று, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய உலகம் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் பருவங்களை ஓடவிட்டு, அத்தகைய மழை எத்தனை முறை பெய்தது என்று எண்ணுவர். இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தந்தாலன்றி அறிஞர் துணிந்து பேசுவதில்லை. இவற்றுக்கு அடிப்படையாக ஒரு பௌதிக விதியும் உண்டு. காற்றின் வெப்பநிலை ஒரு சென்ரிகிறேட் பாகை ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். வெப்பம் மிக்க உலகிற் பெருமழை மேலும் பெருமழையாதற்கு இது காரணம்.

இனிச் சென்னைக்கு வருவோம்.

2015 நவம்பர் மாதத்திற் சென்னையிற் பெய்த மழை 1,049 மில்லிமீற்றர். 1918 ஆம் ஆண்டின் பின் அந்நகர் அத்தகைய நவம்பரைக் கண்டதில்லை. ஏரிகள் நிரம்பின. மண் ஊறி, மேலும் ஒரு துளியையும் ஏற்காத நிலையை அடைந்தது. அந்நிலையில் திசம்பர் 1 ஆந் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில், நகரின் தென்புறத்துத் தாம்பரத்தில் 494 மில்லிமீற்றர் கொட்டியது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது இஃது என்றால் அதன் பெருமை விளங்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகள் திறக்கப்பட்டன. அன்று காலையில் விநாடிக்குச் சில நூறு கன அடியாகத் தொடங்கிய வெளியேற்றம் இரவில் 29,000 கன அடியாயிற்று. ஏரிநீரோடு வழியிலுள்ள பிற ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. உறங்கிக்கொண்டிருந்தோர் கட்டிலுக்குக் கீழே நீரின் ஒலியைக் கேட்டு எழுந்தனர். விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. 1878 இல் தோன்றிய 'தி இந்து' பத்திரிகை, அச்சகத்துக்குத் தொழிலாளர் செல்ல இயலாமையால், தன் வரலாற்றில் முதன்முறையாகத் திசம்பர் 2 ஆந் தேதி வெளிவரவில்லை. அப்பருவமழையிலே தமிழ்நாட்டில் நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம்மவருட் பலர்க்குச் சென்னையில் உற்றார் உறவினர் இருந்தமையால் அவ்விரவுகளில் இங்கும் பல வீடுகளிற் கண் மூடவில்லை.

விதியின் விளையாட்டுப்போலும், அதே வேளையிற் பாரிசு நகரிற் காலநிலை பற்றிய உலக மகாநாடு கூடியிருந்தது. நவம்பர் 30 இல் தொடங்கித் திசம்பர் 12 இல் முடிந்த மகாநாடு அது. சென்னை நீரில் நின்றபோது மூன்று இடங்களில் மூன்று வழக்குகள் நடைபெற்றன. பாரிசில் இந்தியத் தரப்பினர், மேனாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கக்கிய புகையின் பயனே சென்னையின் துயர் என்ற பொருள்படப் பேசினர். தமிழ்நாட்டு அரசினர், நூறாண்டு காணாத மழை பெய்தது, அத்தகைய மழையை எந்த நகரும் தாங்காது என்றனர். எதிர்க்கட்சியினர், மழை வருமென முன்னறிவிப்பு இருந்தும் ஏரியை முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறவாமல் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்து நள்ளிரவில் திறந்தமையே அழிவுக்குக் காரணம் என்று கூறி நீதி விசாரணை கோரினர். தலைமைச் செயலாளர் நீண்டதொரு அறிக்கை வெளியிட்டு அதனை மறுத்தார். மறு ஆண்டு மே மாதத்திற் சட்டசபைத் தேர்தல் வரவிருந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் தகும்.

இம்மூவர்க்கும் புறம்பாக, நெடுநாளாகக் கூறியும் கேட்பாரற்றிருந்த ஒரு குரலும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகாலத்தில் இருந்த பரப்பிற் பத்திலொரு பங்களவாகச் சுருங்கிவிட்டது. ஏரிகளின் உள்வாய்களிற் குடியிருப்புக்கள் எழுந்தன. விமான ஓடுபாதை ஒன்று அடையாற்றின் மேலேயே பாலமிட்டு அமைக்கப்பட்டது. நீர் செல்லும் வழியில் நகர் சென்று அமர்ந்தது என்பது இவ்வறிஞர் கூற்று.

கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். இவருள் எவரும் முழுப் பொய் கூறவில்லை. ஆனால் ஆட்சியில் இருந்தோர் தம் கைக்கு எட்டாத தூரத்திலுள்ள காரணத்தையே பெரிதாக்கிக் காட்டினர். டெல்லிக்குப் புகையிட்டோர் மேனாட்டார். சென்னைக் கோட்டைக்கு மழை பெய்வித்தது வானம். மதகு என்னும் சொல்லும் வடிகால் என்னும் சொல்லும் எதிரணியில் அமர்ந்தோர் வாயிலேயே வந்தன. அவர் தாம் ஆண்ட காலத்தும் சதுப்புநிலம் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது.

மணி எண்ணுவோர் இதற்கு யாது கூறினர்? வான் ஒல்டன்போர்க்கும் இந்திய அறிஞர் உள்ளிட்ட பிறரும் செய்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. அம்மழை மிக அரியது; ஓரிடத்தில் பல நூறாண்டுக்கு ஒருமுறை வருவது. அவ்வாண்டு பசுபிக் கடலில் நிலவிய எல்-நினோ அதன் வாய்ப்பை ஓரளவு கூட்டியது. உலக வெப்பமேற்றத்தின் பங்கு? காணப்படவில்லை என்பது அவர் முடிபு. பதிவுகளில் அத்தகைய ஒருநாட் பெருமழை கூடிவந்ததற்குத் தெளிவான அடையாளம் இல்லை. வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதி, மற்றைக் கடல்கள் வெப்பமேறிய அந்தப் பல ஆண்டுகளிலும், அவற்றைப்போல வெப்பமேறவில்லை.

இம்முடிபைக் கேட்டுப் பாரிசிற் பேசியோர் மௌனமாயினர். காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்பார் மகிழ்ந்தனர். இருவரும் ஆய்வின் அடுத்த வரியைப் படிக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. கடல் வெப்பமேறாமைக்கு அறிஞர் ஒரு காரணத்தையும் உடன் கூறினர். தென்னாசியாவின் மேல் நிலக்கரி, எண்ணெய், விறகு, வைக்கோல் முதலியன எரிவதால் எழும் நுண்துகட் படலம் கவிந்திருக்கின்றது. அப்படலம் ஞாயிற்றின் ஒளியைத் தடுத்துக் கடலைக் குளிர்விக்கின்றது. பானை உவமையிற் கூறின், ஒரே மனிதன் ஒரு கையாற் செம்மணியை இட்டு, மறுகையாற் பானையின் வாயைப் பாதி மூடியிருக்கிறான். மூடிய கையை எடுக்காதிருக்கவும் இயலாது. ஏனெனில் அந்நுண்துகள் ஆண்டுதோறும் எண்ணற்றோர் நெஞ்சிற் புகுந்து உயிரைக் குடிப்பது. வளி தூய்மையாகுந்தோறும் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். ஆகவே "காணப்படவில்லை" என்னும் விடையை "இல்லை" என்று படித்தல் தவறு. "இனியும் வராது" என்று படித்தல் அதனினும் பெருந்தவறு.

இவ்வாய்வை நாம் இத்துணை விரித்தமைக்குக் காரணம் உண்டு. ஓர் ஆய்வு முறை எல்லாவற்றுக்கும் ஒரே விடையைத் தருமாயின் அது ஆய்வன்று, பிரசாரம். ஐரோப்பிய வெப்பத்துக்கு "ஆம்" என்ற அதே முறை சென்னைக்கு "இதுவரை புலப்படவில்லை" என்றது. தம் நோக்கத்துக்கு மாறான விடையையும் அஞ்சாது வெளியிட்ட அவ்வறிஞர்பால் நமக்கு நம்பிக்கை பிறப்பது இதனாலேயே.

மழையின் கணக்கு அவ்வாறு முடிய, மதகின் கணக்கு 2018 சூலையில் வந்தது. இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கை தமிழ்நாட்டுச் சட்டசபையில் வைக்கப்பட்டது. அது அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த அனர்த்தமெனக் கொண்டு, செம்பரம்பாக்கத்து நீர் வெளியேற்றத்தையும், அவசரகாலத் திட்டமின்மையையும், ஆக்கிரமிப்புக்களைத் தடுக்காமையையும் குறைகூறியது. வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் சென்றபின் வந்த தீர்ப்பு அது. இடையே தேர்தலும் நடந்து அதே கட்சி மீண்டும் ஆட்சியமைத்திருந்தது. 2023 திசம்பரில் மிச்சாங் புயலின்போது சென்னை மறுபடியும் நீரில் மூழ்கியது. இம்முறை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறியிருந்தன. வடிகால்களுக்கென ஒதுக்கப்பட்ட 4,000 கோடி ரூபா எங்கே என்ற கேள்வியைக் கேட்டவர்கள், 2015 இற் பதில் கூறக் கடமைப்பட்டிருந்தவர்கள்.

சென்னைக்குத் தொலைவில்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள. குடவோலை முறையாற் பானையிலிருந்து ஓலையெடுத்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்த வரலாற்றை நம் மாணவர் அறிவர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் நெருங்கிய உறவினரும் ஓலையிற் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. பதினொரு நூற்றாண்டுக்கு முன்னர் ஏரிக்கும் கணக்குக்கும் இருந்த தொடர்பு அது.

இனி, பெருங்கணக்கைச் சிறிது நோக்குவோம். 1991 ஆம் ஆண்டிலேயே, வனுவாத்து என்னும் சிறு தீவுநாடு, கடல்மட்டம் உயர்வதால் இழப்புறும் தீவுகளுக்கென ஒரு காப்புறுதி நிதியைச் செல்வ நாடுகள் அமைக்க வேண்டுமென்று சிறுதீவுகளின் சார்பிற் கேட்டது. கிடைக்கவில்லை. 2013 நவம்பர் 8 இல் ஐயான் சூறாவளி பிலிப்பைன்சில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மூன்று நாள் கழித்துப் போலந்தின் வார்சோ நகரில் மகாநாடு தொடங்க, அந்நாட்டுப் பிரதிநிதி யெப் சானோ கண்ணீருடன் பேசி, உண்ணாநோன்பும் மேற்கொண்டார். 'இழப்பும் சேதமும்' என்னும் தலைப்பில் ஒரு பொறிமுறை அங்கே உருவாகியது; பணம் உருவாகவில்லை. பாரிசு உடன்படிக்கையின் 8 ஆம் உறுப்புரை இழப்பையும் சேதத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உடன்படிக்கையோடு சேர்ந்த தீர்மானத்தின் 51 ஆம் பந்தி, அவ்வுறுப்புரை எவ்விதப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று வரையறுத்துவிட்டது. செல்வ நாடுகள், அவற்றுள்ளும் ஐக்கிய அமெரிக்கா, வற்புறுத்தி இடுவித்த வாக்கியம் அது. செம்மணி இட்டதை ஒப்புக்கொள்ளலாம், விலை கேட்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

2022 கோடையிற் பாகிஸ்தானில் வந்த வெள்ளம் 1,700 க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, மூன்று கோடியே முப்பது இலட்சம் மக்களை அல்லற்படுத்தியது. சேதமும் இழப்பும் ஏறக்குறைய 3,000 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டன. அவ்வாண்டு எகிப்தின் சார்ம் எல்-சேக்கில் ஒரு நிதியம் அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டு துபாயில் அது செயலுருப் பெற்றபோது வாக்களிக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 70 கோடி டொலர். ஒரு நாட்டின் ஒரு வெள்ளத்துக்கே போதாத தொகை உலகம் முழுவதற்குமாக வாக்களிக்கப்பட்டது.

மன்றங்களில் நிலை சிறிது மாறி வருகின்றது. பெரு நாட்டு விவசாயி ஒருவர், மலையுச்சிப் பனிப்பாறை உருகித் தம் ஊரை ஏரிநீர் அழிக்கக்கூடும் என்று கூறி யேர்மனியின் பெரிய மின்னிறுவனம் ஒன்றின்மேல் வழக்குத் தொடுத்தார். 2025 மே மாதத்தில் அம் நகர மேல்நீதிமன்றம், அவர் வீட்டுக்குள்ள ஆபத்துப் போதியதன்று எனக் கூறி வழக்கைத் தள்ளியது. எனினும் புகை கக்கும் நிறுவனம் தூரத்துச் சேதத்துக்குப் பொறுப்பேற்றல் சட்டத்துக்கு மாறானதன்று என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. தோற்ற வழக்கில் வென்ற வாதம் எனலாம். அதே ஆண்டு சூலை 23 இல், முன்கூறிய வனுவாத்துவின் முயற்சியால் எழுந்த வினாவுக்கு, ஏகிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை. அதனை மீறுதலுக்கும் நேர்ந்த சேதத்துக்கும் போதிய அளவு நேரானதும் உறுதியானதுமான தொடர்பு காட்டப்படின், ஈடு செய்தலும் கடமையாகலாம் என்றது. அத்தொடர்பை எதனாற் காட்டுவது? மணிகளின் கணக்காலன்றி வேறு வழியில்லை.

நம் நாட்டிலும் இவ்வழக்கு வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் மண்சரிவினால் இறந்தோர் தொகை மிக அதிகம். உலகின் காபனீரொட்சைட்டுப் பெருக்கத்தில் இலங்கையின் பங்கு நூற்றிலொன்றிலும் மிகக் குறைவு. ஆகவே வெளியே கை நீட்டிக் கேட்கும் உரிமை நமக்கு முற்றாக உண்டு. அதே வேளை, முன்னறிவிப்பு உரிய காலத்தில் உரிய மொழியில் மக்களைச் சேர்ந்ததா என்று பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த வினாவைக் கட்சிப் பூசலென ஒதுக்கிவிடல் ஆகாது. 2014 ஒக்தோபர் 29 இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எங்கே அகல்வது? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த அம்மக்களுக்குத் தமக்கென ஒரு துண்டு நிலம் இருந்ததில்லை. சரிவின் மேல் லயன்களைக் கட்டியது காபனீரொட்சைட்டன்று. அவற்றை அங்கேயே இருக்க விட்டதும் அதுவன்று. வானம் இடும் பங்கு ஏறுவது உண்மையாயின், மண்ணிலுள்ளோர் பங்கைத் தீர்த்தற்கு விரைவும் அத்துணை வேண்டும். இரண்டு கணக்கையும் இரண்டு முகவரிக்கு அனுப்புதல் இயலும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதே அரசியலார் கற்ற வித்தை.

இவ்வழக்குக்களில் ஓர் இடையூறு உண்டு. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவு 1659 இல் தொடங்குகின்றது. சென்னையிலேயே வானாய்வுக்கூடம் 1792 இல் அமைந்துவிட்டது. இத்தகைய நீண்ட பதிவுகள் இல்லாத நாடுகளுக்கு மணிகளை எண்ணுதல் அரிது. 2023 மே மாதத்திற் கொங்கோவின் கிழக்கே கீவு ஏரிக்கரையில் பெருமழை நானூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆய்வுக் குழுவினர் கணக்கிட முயன்று, போதிய மழைப் பதிவு இல்லாமையாற் காலநிலை மாற்றத்தின் பங்கைக் கூற இயலாதென்று அறிவித்தனர். அவ்வேழைகளின் வழக்கு மன்றத்தை அடையுமுன்னரே சான்றின்றி நின்றுவிட்டது.

இதன் பொருட்டுக் கல்லூரிப் புவியியற் கழகத்தாரிடத்து ஒரு வேண்டுகோள் உண்டு. மைதானத்தின் ஒரு மூலையில், மரநிழலுக்கும் கட்டிடங்களுக்கும் அப்பால், ஒரு மழைமானி நாட்டுதற்குப் பெருஞ்செலவில்லை; பழைய மாணவர் சங்கம் அதனை விரும்பி ஏற்கும். விடுமுறையிலும் அளத்தற்கு அயலிலுள்ள மாணவர் இருவரை முறைவைத்து நியமித்தல் வேண்டும். அளக்கும் நேரம் காலை 8.30. மழை பெய்யாத நாளிலும் ஏட்டை வெறுமையாக விடாது பூச்சியம் என எழுதுதல் வேண்டும்.